கத்திரி முடியாத வீடு

கடலூர் செம்மண்டலத்தில் அறிவழகன் வீட்டில் 2024ஆம் வருடத்துக் கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை. ஊருக்கெல்லாம் மே இருபத்தெட்டாம் தேதியோடு முடிந்துபோன அக்னி நட்சத்திரம், அந்த ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் மட்டும் ஆடியிலும் அடித்தது, ஐப்பசி அடைமழையிலும் அடித்தது, மார்கழியில் தெருப் பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கோலம் போட்டபோதும் அடித்தது. கேட்டுக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலும் வைத்து நின்றால் உடம்பில் ஒரு பாதி மட்டும் வேர்க்கும். இதில் பொய் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. எங்கள் வீட்டு மோர்மிளகாயும் அங்கேதான் காய்ந்தது.

அறிவழகன் வெற்றி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கடலூரில் கார் ஓட்டுகிற பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக்கொடுக்கிறவர் கால்மாட்டிலும் ஒரு பிரேக் இருக்கும், பலருக்குத் தெரிந்திருக்கும். அறிவழகன் அதை எப்போதும் அரை நொடி தாமதமாக மிதிப்பார். வண்டி மாட்டின் மேலோ டீக்கடை பெஞ்சின் மேலோ உரசி நின்றதும் இறங்கி, சட்டையை நீவிக்கொண்டு, "ஸ்டியரிங் யாரு கையில இருக்குதோ அவுங்கதான் பொறுப்பு" என்பார். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் மாட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்பார். ஐம்பத்தாறு வயது வரைக்கும் அறிவழகன் வாழ்க்கையில் ஒரு தப்புகூடச் செய்யாமல் இருந்தது இப்படித்தான்.

அவர் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. மனைவி சந்திரலேகா, மகள் அருள்மொழி பிறந்த வருடம் வைத்தது. மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள், மரமும் இரண்டு மாடி உயரம் வந்துவிட்டது. மரத்துக்கு அடியில்தான் வெள்ளைக் காரை நிறுத்த வேண்டியிருந்தது. காரின் மேல் இலை விழுந்தது, பூ விழுந்தது, பழம் விழுந்தது, பழம் தின்ன வந்த காக்கைகள் செய்ததும் விழுந்தது. தினமும் துடைத்துத் துடைத்து அறிவழகனுக்கு மரத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. சந்திரலேகா தன் தம்பி கார்த்திகேசன் வீட்டு விசேஷத்துக்காகச் சிதம்பரம் போயிருந்த சமயம் பார்த்து, மரம் வெட்டும் செம்பியனைக் கூப்பிட்டார்.

செம்பியனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுத்து இல்லாமல் மரத்தில் கைவைக்க மாட்டார். வெட்டச் சொல்லிவிட்டு, வீட்டில் சண்டை வந்ததும் 'நான் எப்பப்பா சொன்னேன்' என்று கேட்டவர்களை அவர் நிறையப் பார்த்துவிட்டார். "நாளைக்கு வூட்டுக்காரம்மா கேட்டா நான் காட்டணும்ல சார்" என்று நின்றார். அது திங்கட்கிழமை சாயங்காலம். கைக்குக் காகிதம் எதுவும் அகப்படவில்லை. சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. அன்றைய தாளைக் கிழித்தால் ராகுகாலம் பார்க்க முடியாது என்று, அதை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருந்த மறுநாள் தாளை உருவினார். அதன் முதுகில், 'வேப்பமரத்தை அடியோடு வெட்டவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில் வழக்கம்போலத் திங்கட்கிழமையைக் கிழித்தார். அடியில் புதன்கிழமை இருந்தது. செவ்வாய்க்கிழமை, மே இருபத்தெட்டு, சிவப்பு எழுத்தில் 'அக்னி நட்சத்திரம் முடிவு' என்று அச்சடித்த நாள், அந்த வீட்டுக்கு வரவே இல்லை.

அன்று மத்தியானம் சந்திரலேகா பையோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது மரம் தெருவில் குறுக்கே கிடந்தது. மரத்தைச் சுற்றி ஒரு நடை வந்தாள். பிறகு யார் வெட்டச் சொன்னது என்று செம்பியனைக் கேட்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். அவள் அதை வாங்கிப் படித்துவிட்டுத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, மரத்த வெட்டினது யாரு?"

"செம்பியன்தான். ரம்பம் யாரு கையில இருக்குது பாரு."

"இது யாரு கையெழுத்து?"

"கையெழுத்து என்னுதுதான். அதுக்கு நான் என்னா பண்றது? கையெழுத்து போய் மரத்த வெட்டுமா?"

சந்திரலேகா பையைக் கீழேகூட வைக்கவில்லை. "நான்தான் வெட்டினேன்னு உங்க வாயால என்னிக்கி சொல்றீங்களோ அன்னிக்கி வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்ப ஏறினாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். ஜூனில் பள்ளி திறந்ததும் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பாடம் நடத்திவிட்டுத் தினமும் பஸ்ஸில் திரும்பிப் போனாள். வீடு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. அருள்மொழி கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி இரண்டு பேரிடமும் அழுதுபார்த்தாள். கடைசியில் "நீங்களே பேசிக்குங்க" என்று விட்டுவிட்டாள்.

ஊருக்குள் வெயில் தணிந்தது. அந்த வீட்டில் தணியவில்லை. பல்லிகள் முதலில் புரிந்துகொண்டு, சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாளிடம் குடிபோயின. அறிவழகன் ஒரு ஏசி வாங்கி மாட்டினார். போதாமல் இன்னொன்றும் மாட்டினார். மூன்றாம் நாள் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சார், இது ஏசி. சாமி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். வேறு வீடு பார்த்துப் போயிருக்கலாம். போனால் தப்பு தன் பேரில் ஆகிவிடும் என்று போகவில்லை. கழுத்தெல்லாம் வேர்க்குரு, அதன் மேல் பவுடர், அதன் மேல் வேர்வை, அந்தக் கோலத்தில் டிரைவிங் சொல்லிக்கொடுத்தார்.

காரணம் சொல்ல ஆளுக்கா பஞ்சம். டீக்கடையில் தினமும் இதே பேச்சுதான். அமெரிக்காக்காரன் விடுகிற புகை என்றார் ஒருவர். செல்போன் டவர் என்றார் இன்னொருவர். ஏசியால்தான் உலகமே சூடாகிறது என்று ஒருவர் ஏசி போட்ட காரை அணைக்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கிச் சொன்னார். நாங்கள் சின்ன வயதில் இதைவிட வெயிலைப் பார்த்திருக்கிறோம் என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டு, பார்த்ததற்குச் சாட்சியாக வழுக்கையைக் காட்டினார். அறிவழகன் எல்லோர் சொன்னதையும் ஒத்துக்கொண்டார். வெண்மதி என்று ஒரு ஆராய்ச்சி மாணவி வெப்பமானியோடு வந்து ஒரு வாரம் அளந்தாள். காம்பவுண்டுக்குள் நாற்பத்தோரு டிகிரி, வெளியே முப்பத்திரண்டு. "சார், இது மனுசனால வந்ததுதான் சார்" என்றாள். "கரெக்டும்மா" என்றார் அறிவழகன் மனப்பூர்வமாக. "மனுசன் ரொம்ப மோசம்மா." அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த வெயிலால் ஆகக்கூடிய காரியம் என்ன என்பதை முதலில் கண்டுபிடித்தது ஆரோக்கியம்மாள். அவர் வடாம் போட்டு விற்கிறவர். ஜூலையில் வானம் மூடிக்கொண்டு மூன்று நாள் வடாம் காயாமல் புளித்த வாடை அடிக்க, ஒரு தாம்பாளத்தைச் சும்மா சுவருக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துப் பார்த்தார். டீ போட்டுக் குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்திருந்தது. அப்புறம் அந்த மொட்டைமாடியில் இடம் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. மேற்கே திட்டக்குடியிலிருந்து சொந்தக்காரர்கள் மக்காச்சோளத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். காடாம்புலியூர் ஆட்கள் பலாப்பழத்தை வராந்தாவில் இறக்கிவைத்துவிட்டு, அரை மணி கழித்துப் பழுத்ததாக எடுத்துப் போனார்கள். டிசம்பரில் புயல் வந்து பெண்ணையாறு ஊருக்குள் புகுந்தபோது அறிவழகன் காம்பவுண்டில் நின்ற முழங்கால் தண்ணீர் மட்டும் வெந்நீராக இருந்தது. கரண்ட் இல்லாத அந்த நாலு நாளும் தெருவே வாளியோடு வந்து மொண்டுகொண்டு போய்க் குளித்தது. வெயிலைப் பற்றிக் குறைசொல்வதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். சந்திரலேகா எப்போது வருவாள் என்று கேட்பதையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். நானும்தான்.

சிதம்பரத்தில் வேறு விதமாக இருந்தது. மேல வீதிக்குப் பின்னால் இருக்கும் கார்த்திகேசன் வீட்டில் சந்திரலேகா அந்தச் சீட்டை, தினமும் கண்ணில் படட்டும் என்று, புருசன் கையெழுத்து தெரியும்படி ஆணியில் குத்தி வைத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கத்திரி முடிந்தது. கிழக்கிலிருந்து ஒரு குளிர்ந்த காற்று வரும். மண்வாசனை வரும். கணக்காக இருபது நிமிடம் தூறல், அந்த வீட்டின் மேல் மட்டும். கார்த்திகேசன் இதை அக்கா வந்த ராசி என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி, மாடியில் மல்லிகைப் பந்தல் போட்டான். அக்கா சில நாள் ஊர்ப் பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தால், பஜ்ஜி போட்டுக் கொடுத்து அவள் மனதை மாற்றிவிடுவான். மாமாவைச் சமாதானம் பண்ணிக் கூட்டிவருகிறேன் என்று மாதம் ஒரு முறை கிளம்புவான், பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிடுவான்.

இந்த வெயிலும் அந்தத் தூறலும் ஒரே காலண்டரைச் சேர்ந்தவை என்று முதலில் கண்டது ஆரோக்கியம்மாள்தான். ஆடி மாதம் சந்திரலேகாவைப் பார்க்க ஒரு டப்பா வடாமோடு சிதம்பரம் போனவர், நாலு மணிக்குத் தூறல் வந்ததைப் பார்த்தார், ஆணியில் இருந்த சீட்டைப் பார்த்தார், காற்றில் அது திரும்பியபோது முன்பக்கத்தில் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். பஸ் ஏறி வந்தவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வடாம் வியாபாரம் அப்படி நடந்துகொண்டிருந்தது.

மாசியில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து ஒரு துளிர் விட்டது. செம்பு நிறத்தில் நாலு இலை. அந்த வெயிலில் அது எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, வேம்பு அப்படித்தான். அறிவழகன் முதல் நாள் அதைப் பார்க்காததுபோல் போனார். இரண்டாம் நாள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். மூன்றாம் நாள் மத்தியானம் அது தலைதொங்கிக் கிடந்தது. கிளாஸை ரத்து பண்ணிவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் அவரைத் தவிர உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். இரண்டு சாப்பாட்டுத் தட்டில் ஒன்று பத்து மாதமாக எடுக்க ஆளில்லாமல் கவிழ்ந்தே கிடப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சந்திரலேகா இருந்தால் இந்தத் துளிருக்கு என்ன பண்ண வேண்டும் என்று சொல்லியிருப்பாள். அவருக்கு அழுகை வந்தது. வேர்வைதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அது ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம். ஆரோக்கியம்மாள் வருடம் தவறாமல் சாமியாரிடம் தன் தப்பையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். சாமியார் என்ன சொன்னாரோ, கோயிலிலிருந்து நேராக அறிவழகனிடம் வந்தார்.

"அண்ணே, அண்ணி கையில இருக்குற அந்தச் சீட்டு இருக்குதே, அதுலதான் ஒங்க வூட்டு வெயில் முடியுது. எனக்கு ஆடி மாசமே தெரியும். வடாத்துக்காவ சொல்லாம இருந்துட்டேன். என் மேலதான் தப்பு."

சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அறிவழகன் குடையோடு அப்படியே நின்றார். தப்பை ஒத்துக்கொண்டதற்கு ஆரோக்கியம்மாளுக்கு ஏதாவது ஆகும் என்று பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கம்போலப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதானா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. 'என் மேலதான் தப்பு' என்கிற வாக்கியத்தை அவர் அதுவரை பக்கத்திலேயே அண்டவிட்டதில்லை.

அப்படியும் உடனே திருந்திவிடவில்லை. முதலில் குறுக்கு வழி பார்த்தார். கார்த்திகேசனுக்குப் போன் போட்டு, "மச்சான், அந்தச் சீட்ட ஒரு கவர்ல போட்டு கூரியர்ல அனுப்பேன்" என்றார். "என்னா மாமா இப்படிச் சொல்றீங்க, பந்தல்ல இப்பதான் மொட்டு வெச்சிருக்குது" என்று அவன் வைத்துவிட்டான். வேறு வழியில்லாமல் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல் போர்டு மாட்டிய காரிலேயே அறிவழகன் சிதம்பரம் கிளம்பினார்.

போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. தூறல் ஆரம்பித்திருந்தது. பத்து மாதமாக எதற்கும் அடங்காத வேர்க்குரு எல்லாம் அந்தத் தூறலில் ஒரே நேரத்தில் அடங்க, வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். சந்திரலேகா உள்ளே கூப்பிடவில்லை. துண்டை மட்டும் எடுத்து நீட்டினாள். இளைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்தாள், சொல்லவில்லை.

"பாரு லேகா, காலநிலை மாறுதுன்னா அது யாரோ ஒருத்தர் பண்றதில்ல. நாம எல்லாரும்தான் பொறுப்பு" என்று ஆரம்பித்தார்.

"எல்லாரும்னா? நானுமா? நான் அன்னிக்கி இங்க இருந்தேன்."

"அதுக்கில்ல. ரம்பம் செம்பியன் கையில இருந்துச்சி. ஸ்டியரிங் யாரு கையில..."

"உங்க காலுக்கடியில ஒரு பிரேக் இருந்துச்சில்ல."

முப்பது வருடமாகத் தாமதமாக மிதித்த பிரேக்குகள் எல்லாம், மாடும் பெஞ்சும் தள்ளுவண்டியுமாக அறிவழகன் கண்முன்னால் வரிசையாகப் போயின. கார்த்திகேசன் பஜ்ஜித் தட்டோடு ஓடிவந்து, "மாமா, அவசரப்பட்டு எதுவும் சொல்லிடாதீங்க, சாப்ட்டுட்டுப் பேசலாம்" என்று நடுவில் நின்றான். அறிவழகன் அவனை ஓரமாகத் தள்ளினார்.

"நான்தான் வெட்டினேன். கார் மேல எல வுழுதுன்னு வெட்டினேன். நீ வெச்ச மரம்னு தெரிஞ்சிதான், நீ இல்லாத நேரமா பாத்து வெட்டினேன். அடியில தளுத்திருக்குது லேகா. அது வாடுது. என்னா பண்றதுன்னு தெரியல."

"எத்தினி எல?" என்று கேட்டாள் சந்திரலேகா. நாலு என்றார். உள்ளே போய் ஆணியிலிருந்து சீட்டை எடுத்தாள். கார்த்திகேசன் மல்லிகைப் பந்தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பஜ்ஜியைத் தானே தின்ன ஆரம்பித்தான்.

சீட்டு அவள் மடியில் இருந்ததால் தூறலும், அன்று மட்டும் இருபது நிமிடக் கணக்குப் பார்க்காமல், கூடவே வந்தது. புதுச்சத்திரத்திலும் ஆலப்பாக்கத்திலும், ரோடெல்லாம் காய்ந்து கிடக்க ஒரு எல் போர்டு கார் மட்டும் வைப்பர் போட்டுக்கொண்டு நனைந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு. செம்மண்டலத்தில் கார் கேட்டுக்குள் நுழைந்ததும் தூறலும் நுழைந்தது. மொட்டைமாடியிலிருந்து பெண்கள் வடாத்தையும் வத்தலையும் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பத்து மாதம் இல்லாத அக்கறையோடு, "ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா அண்ணி" என்று கேட்டவர்களும் உண்டு.

பழைய காலண்டர் அட்டையை, அதில் முருகன் படம் இருந்ததால், தூக்கிப்போடாமல் சுவரிலேயே வைத்திருந்தார்கள். அறிவழகன் நாலு சோற்றுப் பருக்கையை எடுத்து, சீட்டை அட்டையில் ஒட்டி, முறைப்படி கிழித்துக் கத்திரியை முடித்துவிடலாம் என்று போனார். தெருவே ஜன்னல் வழியாகக் கலவரத்தோடு பார்த்தது. சந்திரலேகா அவர் கையைப் பிடித்தாள்.

"கிழிக்காதீங்க. கிழிச்சிட்டா அப்பறம் அமெரிக்காக்காரன்தான் வந்து மரத்த வெட்டினான்னு சொல்லுவீங்க."

அதனால் சீட்டு அந்த அட்டையிலேயே, அவர் கையெழுத்து வெளியே தெரிய, இன்றைக்கும் ஒட்டியிருக்கிறது. அந்த வீட்டில் காலையிலிருந்து கத்திரி அடிக்கும், நாலு மணிக்கு முடியும், இருபது நிமிடம் தூறும், மறுநாள் காலையில் திரும்பவும் ஆரம்பிக்கும். ஏசி இரண்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். துளிர் ஜன்னல் உயரம் வந்துவிட்டது, இலையும் கார் மேல்தான் விழுகிறது. அறிவழகன் துடைக்கிறார். முனகிக்கொண்டேதான் துடைக்கிறார், அதை மறைப்பானேன். கார் எங்காவது உரசி நின்றால் இறங்கி, "பிரேக்க நான்தான் லேட்டா போட்டேன்" என்கிறார். முதல் தடவை அதைக் கேட்ட மாட்டுக்காரர் பயந்துபோய், பரவாயில்லை என்று மாட்டைத் திட்டினார்.

புதிதாக டிரைவிங் கற்க வருகிறவர்கள் கேட்டுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று, "ஏன் சார், இந்த ஒரு வீட்டுல மட்டும் இவ்ளோ வெயில்?" என்று கேட்பதுண்டு. "நான் ஒரு மரத்த வெட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு அறிவழகன் வாட்சைப் பார்ப்பார். பிறகு மாடிப் பக்கம் நிமிர்ந்து, மூணே முக்கால் ஆச்சி, வடாத்த எடுங்க என்று குரல் கொடுப்பார்.